காற்புள்ளிக்கு முன்னால் வரும் பெயர்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கினேன், கடையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன், பிறகு மதுரைப் பக்கம் போனேன். அங்கே ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே தட்டச்சு கற்றேன். ஆங்கிலம் எழுத்து எழுத்தாகத் தெரியும், அர்த்தம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கோர்ட் மனுக்களும் பத்திரங்களும்தான் எங்கள் பிழைப்பு.

சாரல் காலத்தில் ஒரு பெண் வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. விடுமுறைக்குக் குற்றாலத்தில் தங்கி, அருவிப் பாறைகளில் வளரும் பாசிகளைச் சுரண்டி எடுத்துத் தகர டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை திருப்பி அனுப்பியிருந்தது. கட்டுரையில் குற்றமில்லை. அதன் கடைசியில் பிறர் எழுதிய கட்டுரைகளின் பட்டியல் உண்டே, அது தங்கள் முறைப்படி இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

“இன்னொரு தடவ திரும்பி வந்தா அப்புறம் தொடமாட்டாங்க தம்பி. மூணு வருசமா பாறையில வழுக்கி விழுந்து எழுதினது” என்றார்.

முறை ஒரு தனித்தாளில் அச்சாகி வந்திருந்தது. முதலில் குடும்பப் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு முதலெழுத்துகள், அடைப்புக்குறிக்குள் ஆண்டு. பத்திரிகையின் பெயரைச் சுருக்கி எழுதி அடிக்கோடு போட வேண்டும். அடிக்கோடு போட, தட்டச்சுப் பொறியில் தாளைச் சுமக்கும் வண்டியைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு எழுத்தின் கீழும் தட்ட வேண்டும். சாரலில் தாள் நமுத்துப்போய், கொஞ்சம் பலமாகத் தட்டினால் ஓட்டை விழும். வெள்ளைக்காரர்கள் பெயரெல்லாம் சுலபமாக முடிந்தது. ஆசிரியை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார். புள்ளி விட்டுப்போனால் சிரித்துக்கொண்டே, “தம்பி, புள்ளிய முழுங்கிட்டீங்க” என்பார். அந்த ஒரு பருவத்தில் இரண்டு முறை வீடு மாறியதைப் பற்றிக் கேட்டதற்கு, “தண்ணி வசதி சரியில்ல” என்று சொல்லியிருந்தார். குற்றாலத்தில் தண்ணீர்ப் பஞ்சமா என்று நான்கூடக் கேலி செய்தேன்.

அவருடைய பழைய கட்டுரைகள் இரண்டும் பட்டியலில் இருந்தன. அவற்றின் பக்கத்தில் பத்திரிகைக்காரர் சிவப்பு மையில், குடும்பப் பெயர் எது என்று கேள்விக்குறி போட்டிருந்தார். என் கை நின்றது. ஆசிரியையின் பெயர் ஒரே சொல், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான்.

அவர் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தபோது அண்ணாச்சியிடம் காட்டினேன்.

“என்னலே முழிக்க? பிள்ளை, முதலியார், நாடார்னு பேருக்குப் பின்னால போடுதாம்லா, அதான் அவன் கேக்கது. அந்தம்மா என்ன ஆளுன்னு கேட்டு முன்னால தூக்கிப் போடு, தீந்துது சோலி” என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

நேரடியாகக் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

“டீச்சருக்குச் சொந்த ஊரு எது?”

சொன்னார்.

“அங்கன எந்தத் தெரு?”

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார்.

“தெருப் பேரையும் வெளிநாட்டுக்காரன் கேட்டிருக்கானா?”

“இல்ல டீச்சர், பேருக்குப் பின்னால ஒண்ணு போடுவாங்கல்லா…”

“எதுக்குப் பின்னால?”

குற்றாலத்தில் அவர் வீடு மாறியது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் ஊர், அடுத்து தெரு. என்னிடமும் போன இடத்திலெல்லாம் அப்படித்தான் கேட்டார்கள். கடையத்தில் பொய்யான தெருவைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தேன். பொய் தெரிந்த அன்றே, நான் எடுத்த இலைகளோடு என்னையும் வெளியே போகச் சொன்னார்கள். அண்ணாச்சியிடமும் வேறொரு தெருவைத்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பொய் தேடித் தேடிப் பழகிய நான்தான், அதே குரலில், அதே பணிவோடு அவரைக் கேட்டிருந்தேன்.

அவர் அச்சுத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சொன்னார்:

“என் பேரையே முதல்ல போடுங்க. கமா. அப்புறம் எங்க அப்பா எழுத்து.”

“அதான் குடும்பப் பேரான்னு திருப்பிக் கேட்டா?”

“ஆமான்னு எழுதுவேன்.”

அடித்தேன். முடிக்கும்போது அண்ணாச்சி வந்துவிட்டார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஆசிரியை பக்கத்திலேயே இருக்கிறாரே என்றுகூட இல்லாமல், “ஏலே, என்ன ஆளுன்னு சொல்லலையா?” என்றார்.

“பத்திரிகைக்காரங்க இப்படியே போடச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. தாள்ல இருக்கு.”

அண்ணாச்சிக்கு அந்த ஆங்கிலம் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசிரியை நிமிரவில்லை. நான் பொய் சொன்னது அவருக்கு உதவி என்று அவர் நினைக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அப்படி ஆசைப்பட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. நானும் உங்களைப் போலக் கேட்கப்படுகிறவன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி பத்தடியில் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும். சொல்லவில்லை.

ஆசிரியை நின்றுகொண்டே பட்டியலைச் சரிபார்த்தார். தன் பெயர் இருந்த வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. என்னிடம் சொல்லாமல் பேனாவை எடுத்துத் தானே வைத்தார். தாள்களை உறையில் போட்டுக்கொண்டு, “வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸ் பக்கம் நடந்தார். தம்பி என்று கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. “அந்தம்மாவ இந்தப் பக்கமே காணுமே?” என்று அண்ணாச்சி கேட்டார். காலேஜ் திறந்திருக்கும் என்றேன். திறக்கவில்லை. சாரல் முடியுமுன்னே ஒரு காலையில் தென்காசி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு செங்கோட்டை வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் இரண்டு எட்டு வைத்தேன். அவர் தலை திரும்புவதுபோல் இருந்தது. நின்றுகொண்டிருந்த கடையநல்லூர் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி, அவர் வண்டி புறப்படும்வரை அங்கேயே நின்றேன்.