தூசியென்று துடைத்த விண்மீன் மண்டலங்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, தரமணிக்குப் போகும் ரயிலுக்காகத் திருமயிலை நிலையத்தில் நின்றிருந்தேன். செல்வியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஏழுமலையின் மனைவி அதற்கு முன் என்னை நேரடியாக அழைத்ததே இல்லை. எடுத்ததும், "மேடம், அவரு பூட்டாரு" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் யாரோ பெருங்குரலில் அழுவது கேட்டது. கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரயில் வந்தது, நின்றது, போயிற்று. நான் நடைமேடையிலேயே இருந்தேன்.

உங்களில் பலருக்கு ஏழுமலை, மேற்கு மாம்பலத்தில் ரயில்வே கேட்டை ஒட்டிய சந்தில் பிளெக்ஸ் கடை வைத்திருந்தவர். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று எதற்குப் போனாலும் சொன்ன நேரத்துக்குப் பேனரைச் சுருட்டிக் கையில் கொடுப்பவர். எங்கள் வானியல் குழுவினருக்கு அவர் வேறு. நான் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள். விடுமுறை நாள்களில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, விண்வெளிப் படங்களைப் பெரிதாக அச்சிட்டுப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் மாட்டி, வருபவர்களுக்கு விளக்கம் சொல்லி வருகிறோம். அந்தப் படங்கள் அத்தனையையும் அச்சிட்டவர் ஏழுமலை. அவ்வளவுதான் என்று முதலில் நானும் நினைத்தேன்.

முதல் முறை அவரிடம் போனது மற்ற கடைகளில் கூட்டமாக இருந்ததால்தான். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று, வானத்தில், நீட்டிய கையில் பிடித்த மணல்துகள் மறைக்கும் அளவே உள்ள இடத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்த்து எடுத்த படம் அது. கறுப்புப் பின்னணியில் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகள். ஆறடி அகலத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது பேனரை விரித்துக் காட்டினார். பெரிய புள்ளிகள் நாற்பது ஐம்பது இருந்தன. மற்ற இடமெல்லாம் வழித்துவிட்ட மாதிரி சுத்தமான கறுப்பு.

"மத்தியானம் பூரா உக்காந்து கிளீன் பண்ணேன் மேடம். எவன் எடுத்த போட்டோவோ தெரியல, ஒரே தூசி" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவர் முகம் வாடியதைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. கணினியில் மூலப் படத்தைத் திறக்கச் சொன்னேன். அந்தத் தூசியில் ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றுக்குள்ளும் நம் சூரியனைப் போலக் கோடிக்கணக்கான சூரியன்கள் இருக்கின்றன என்று சொன்னேன். ஏழுமலை மவுஸை மெதுவாக நகர்த்தி ஒரு மூலையைப் பெரிதாக்கினார். இன்னொரு மூலையைப் பெரிதாக்கினார்.

"அப்போ நேத்து எத்தினி ஊர அழிச்சேன் மேடம்?" என்றார் கடைசியில்.

பிறகு கடையில் காத்திருந்த ஒருவரிடம், "நைனா, உன் பேனரு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். கொஞ்சம் டீ குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு, எங்கள் படத்தை முழுதாக மறுபடி ஓடவிட்டார். இயந்திரத்திலிருந்து படம் அங்குலம் அங்குலமாக வெளியே வருவதைக் குனிந்து பார்த்தபடியே நின்றார்.

அதற்குப் பிறகு ஏழுமலை எந்தப் படத்தையும் கேள்வி கேட்காமல் அச்சிட்டதில்லை. வாயுவும் தூசும் திரண்டு புதிய விண்மீன்கள் பிறக்கும் மேகம் ஒன்றின் படத்தைக் கொண்டுபோனபோது, "இந்தக் கலரு நெஜமா, டச்சப் பண்ணதா?" என்று கேட்டார். தொலைநோக்கிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கின்றன என்றேன். எந்த இடத்தில் எந்த வாயு என்று தெரிவதற்காக, வேறு வேறு வடிகட்டிகள் வைத்து எடுத்து அவற்றுக்கு வண்ணம் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். நம் கண்ணால் போய்ப் பார்த்தால் இப்படித் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. இவருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கீறத காட்றதுக்குக் கலர் குடுத்தா தப்பில்ல மேடம். இல்லாதத சேத்தாதான் தப்பு" என்றார். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு மணமக்கள் பேனரைக் காட்டி, "நாங்க பண்றதெல்லாம் ரெண்டாவது ரகம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மணமக்களுக்குப் பின்னால் பனிமலையும் அருவியும் இருந்தன. அன்று முதல் வண்ணம் பற்றி யார் கேட்டாலும் அந்த வாக்கியத்தைத்தான் கொஞ்சம் இலக்கணப்படுத்திச் சொல்லி வருகிறேன். அவர் சொன்னது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் கண்காட்சி வைத்தோம். பெயர் வேண்டாம். ஏழுமலை படங்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, பெஞ்சு மேல் ஏறி, கயிறு கட்டி மாட்டிக்கொண்டிருந்தார். நிலவில் மனிதர் நிற்கும் படத்தின் முன்னால் ஒரு தகப்பனார் எங்கள் குழு நண்பரை மடக்கிவிட்டார். நிலவில் காற்றே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் வானம் முழுக்க நட்சத்திரம் தெரிய வேண்டுமே, ஒன்றுகூட இல்லையே, இதெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்ததுதானே என்றார். நண்பர் அறிவியல் சொற்களில் ஏதோ சொல்லித் தடுமாறினார்.

பெஞ்சு மேலிருந்து ஏழுமலை கேட்டார்: "சார், மண்டபத்து வாசல்ல மாப்புள்ள வெள்ள வேட்டி சட்டையில நிக்கிறாரு. மூஞ்சி மேல ஃபோகஸ் லைட்டு அடிக்குது. அப்போ எடுக்கிற போட்டோல பின்னாடி வானத்துல நட்சத்திரம் வுழுமா?"

"விழாது."

"ஏன் வுழல? நட்சத்திரம் இல்லியா? கீது. வெளிச்சத்துல கீற ஆளு தெரியணும்னு கேமராவ வெச்சா, மங்கலா கீறதெல்லாம் வுழாது. அங்க வெய்யிலு சார். இவரு போட்டுக்கினு கீறது வெள்ள டிரெஸ்ஸு."

அந்தத் தகப்பனார் சிரித்துவிட்டார். சுற்றி நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெஞ்சைச் சுற்றித்தான் கூட்டம்.

பள்ளித் தாளாளர் என்னைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் அவர் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும் குரல். "படம் மாட்ட வந்தவரெல்லாம் எதுக்கு மேடம் விளக்கம் சொல்றாரு? பேரன்ட்ஸ் என்ன நெனப்பாங்க? உங்க குரூப்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

நான், "சரி சார், பாத்துக்கறேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது ஏழுமலை பெஞ்சிலிருந்து இறங்கியிருந்தார். மிச்சக் கயிற்றைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் படங்களைக் கழற்றும்வரை உள்ளே வரவில்லை. அதற்கப்புறமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு வருடம் அப்படியே போயிற்று.

ஏழுமலையின் குடும்பம் மூன்று தலைமுறையாக அடையாற்றங்கரையில் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கடைக்கு வந்துகொண்டிருந்தார் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஒருநாள், "எங்காண்டயும் ஒரு தபா போடலாமா மேடம்?" என்று கேட்டார். போட்டோம். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, தூணுக்குத் தூண் கயிறு கட்டி, செவ்வாய்க் கோளும் சனியின் வளையங்களும் துணி உலர்த்துகிற இடத்தில் வரிசையாகத் தொங்கின. மைக்கை என்னிடம் நீட்டினார். "நீங்கதான் பேசணும்" என்றேன். "வாணாம் மேடம்" என்றார். "எனக்காகப் பேசுங்க" என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்.

பூமிக்கு மேலே சுற்றும் விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு வீரர் எடுத்த தென்னிந்தியாவின் படம். இருட்டில் விளக்குகள் மட்டும் மின்னுகின்றன. கடற்கரை ஓரம் ஒரு பெரிய ஒளித்திட்டு, சென்னை. பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் கிட்டே வந்து, "இதுல ஆத்தங்கரையில நம்ம பழைய வூடு எங்க கீது?" என்று கேட்டார்.

ஏழுமலை படத்தின் மேல் விரல்நுனியை வைத்தார். "அந்த வூடும் இங்கதான் கீது, இந்த வூடும் இங்கதான் கீது. ரெண்டும் என் வெரலுக்குள்ளாறயே அடங்கிடுச்சு பாத்தியா?"

"அடங்குது சரி நைனா, ரெண்டு பஸ்ஸு மாறணுமே!" என்றார் அந்த அம்மா.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஏழுமலையும் மைக்கைப் பிடித்தபடி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்க, "ஆமா. மேலேர்ந்து பாக்கறவனுக்குப் பஸ்ஸு தெரியாது" என்றார். யாரும் எழுதிக்கொடுக்காத வாக்கியம் அது.

அன்று படங்களைச் சுருட்டும்போது கோபாலபுரத்தைப் பற்றிக் கேட்டேன். நான் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும், பேசாதது தப்பு என்று சொன்னேன். கயிற்றை அவிழ்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிச்சுது மேடம். இல்லன்னு சொல்லமாட்டேன். அவரு சொன்னதுக்கு இல்ல. நீங்க சரின்னதுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்பக் கேட்டீங்கல்ல. வுடுங்க. அந்தாண்ட முனைய புடிங்க, மடிப்பு வுழப்போவுது."

நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் எல்லாக் கண்காட்சியிலும் அவர் விளக்கம் சொன்னார். அழைப்பிதழிலும் அவர் பெயர் இருந்தது. ஒரு பள்ளி அதைப் பார்த்துத் தயங்கியது. நாங்கள் அங்கே போகவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதம் முன்பு, மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில். நிலவில் நிற்கும் மனிதரின் படத்தை அன்று புதிதாக அச்சிட்டு வந்திருந்தார். மாட்டி முடித்ததும், "எல்லாரும் இவரு யாருன்னுதான் கேக்கறாங்க. இத்த எடுத்தது யாரு மேடம்?" என்றார். அந்த முதல் பயணத்தில் நிலவில் முதலில் கால் வைத்தவர்தான் கேமராவைப் பெரும்பாலும் கையில் வைத்திருந்தார் என்றேன். அதனால் நாம் பார்க்கும் படங்களில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவதாக இறங்கியவர்தான், முதலாமவரை நன்றாகக் காட்டும் புகைப்படம் அங்கே அநேகமாக இல்லை என்றும் சொன்னேன். ஏழுமலை படத்துக்குள் இருந்தவரின் முகக்கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். அதில் கேமரா வைத்திருந்தவர் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார். "தோ கீறாரு" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே செல்வி மறுபடி அழைத்தார். "மேடம், அஞ்சலி பேனருக்கு அவரு போட்டோ நல்லதா ஒண்ணு இருந்தா அனுப்பறீங்களா?" கைப்பேசியை முழுக்கத் தேடினேன். எத்தனையோ கண்காட்சிகளின் படங்கள் இருந்தன. வந்தவர்கள், பிள்ளைகள், சிறப்பு விருந்தினர்கள், நான். ஏழுமலை ஒன்றில்கூட முழுதாக இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த முழங்கை. இன்னொன்றில் முதுகு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படங்களை எடுத்தவர் அவர்தான். இல்லை என்று செல்வியிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக் கடைக்காரர் அடித்துக் கொடுத்தார்.

ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்தப் படத்தைப் பார்த்தாலும், உள்ளே இருப்பவரைப் பார்த்து முடித்ததும், இத்த எடுத்தது யாரு என்று இப்போது தானாகவே மனம் கேட்கிறது. நேற்று அக்கா மகளின் கல்யாண ஆல்பம் வந்தது. வீட்டில் எல்லாரையும் கேட்டேன். படம் எடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டூடியோவுக்குப் போன் செய்து கேட்டு, அந்தப் பெயரை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்.