மருந்துக்கடைக்காரி பிரித்து வைத்த பாட்டுகள்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காலையில் எழுந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பது காரை அல்ல, ஹால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் கறுப்புப் பெட்டியை. உள்ளங்கையை அதன் முதுகில் வைப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் லேசாகக் கேட்கும். "இன்னிக்கும் ஓடுறியா? ரொம்ப நன்றிப்பா" என்று வாய்விட்டே சொல்வார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒரு பெட்டிக்கு நன்றி சொல்கிறார் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பல் டாக்டர் அவரிடம் கார் ஓட்டப் பழகினார். மூன்று முறை பெயில். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்த பிறகு, நான்காவது முறை பாஸானார். அவர் வேறு ஊருக்குக் குடிபோகும்போது, "என்னைப் பொறுத்துக்கிட்டதுக்கு, மாஸ்டர்" என்று சொல்லி, பாட்டெல்லாம் சேர்த்து வைக்கும் இந்த மியூசிக் சர்வர் பெட்டியையும், நாலு அறைக்கு நாலு ஸ்பீக்கரையும், சக்கரத்தைத் திருப்பிச் சின்னத் திரையில் பாட்டுத் தேடும் இரண்டு ரிமோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மாஸ்டரே சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தார். ஹால், சமையலறை, படுக்கையறை, கார் ஷெட். ஒரே பாட்டை நாலு இடத்திலும் ஓடவிடலாம், இடத்துக்கு ஒன்றாகவும் விடலாம். சமையலறை ஸ்பீக்கருக்கு மட்டும் கொஞ்சம் சோம்பல். ஹாலில் பாடுகிறவள் ஒரு வார்த்தையைத் தொடங்கிய பிறகுதான் அங்கே வாயைத் திறப்பாள். நடுவே நிலைப்படியில் நின்றால் எல்லாப் பாட்டும் இரட்டைப் பிள்ளைதான். "அங்க நிக்காதீங்க, தலை சுத்தும்" என்பாள் மனைவி. மாஸ்டர் வேண்டுமென்றே அங்கேதான் நிற்பார்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. வாய் ஓயாத பெண்பிள்ளை. "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது அப்புறம், இது தூங்கப் போறப்ப" என்று கவுண்டரில் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் பேசுவாள். வீட்டிலிருந்த நானூற்றுச் சொச்சம் சிடிகளைப் பெட்டியில் ஏற்றியது அவள்தான். ஒவ்வொரு பாட்டும் என்ன வகை என்று பெட்டி கேட்டது. மெல்லிசை, நடனம் என்று ஏதாவது வருமென்று எதிர்பார்த்திருக்கும், பாவம். அவள் மருந்து பிரிக்கிற மாதிரியே பிரித்தாள். 'சாப்பாட்டுக்கு முன்.' 'துணி மடிக்க.' 'மழை விடும்வரை.' 'விருந்தாளி கிளம்பாதபோது.' 'மாஸ்டர்மேல் கோபம்.'

கடைசி வகையில் மூன்றே பாட்டு, மூன்றும் காதைக் கிழிக்கும். ஷெட்டில் அவர் கார் துடைத்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒன்று முழங்கினால், காலையில் என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசிக்க வேண்டியதுதான். யோசித்து முடிப்பதற்குள் அவளே வந்து நின்று தப்பையெல்லாம் வரிசையாக அடுக்கிவிடுவாள். "கல்யாணம் ஆனதிலேருந்து நான் சொன்ன எதுக்காவது ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கீங்களா?" என்று முடிப்பாள். "எதுக்குச் சொல்லணும்?" என்பார் மாஸ்டர். வண்டி பழக வருகிறவர்களை அதட்டியே பழகிய வாய் அது.

போன வருடம் அவளுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்தாள். நடக்க ஆரம்பித்தாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "சரி." தண்ணீர் வேணுமா? சரி. வேண்டாமா? சரி. தலையாட்டச் சொன்னால் அதுவும் குழம்பியது. எழுத்தும் பிடிபடவில்லை. "எல்லாச் சொல்லும் உள்ளேதான் இருக்கு, வெளியே வர்ற வழிதான் அடைபட்டிருக்கு. மெதுவாத் திறக்கலாம்" என்றார் டாக்டர். மாஸ்டர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுதார். அவள் என்ன நினைக்கிறாள் என்று இனிமேல் தெரியவே தெரியாதோ என்ற பயம் அவரைத் தின்றது.

வீட்டில் பாட்டு நின்றுபோயிற்று. ரிமோட் ஒன்று படுக்கையறை மேசையிலும் இன்னொன்று ஷெட்டிலும் சார்ஜரில் கிடந்தன. பெட்டியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஒரு புது ஸ்பீக்கருடன் வந்தாள். "அப்பா, இதுக்கு ரிமோட்டே வேணாம். அம்மா வாயால கேட்டாப் போதும், பாடும். பேச்சுக்கும் பயிற்சியா இருக்கும். அந்தப் பழசைக் கழட்டிடலாம்ப்பா, அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க." நல்ல மனசோடுதான் சொன்னாள். மாஸ்டரும் தலையாட்டினார்.

மகள் அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, "கேளும்மா" என்றாள். அம்மா மூச்சை இழுத்தாள். உதடு எதையோ தேடியது. "சரி."

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது ஸ்பீக்கர்.

"சரி."

"மன்னிக்கவும், புரியவில்லை."

மூன்றாவது முறைக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பழகப் பழக வந்துடும்மா" என்றாள் மகள். அதற்குமேல் அங்கே நிற்க மாஸ்டருக்குத் தெம்பில்லை. "நான் போய் அந்தக் கழட்டுற வேலையைப் பாக்குறேன்" என்று ஸ்க்ரூடிரைவரோடு ஷெட்டுக்கு நழுவினார்.

ஸ்டூலில் ஏறி ஒரு திருகைக் கழற்றினார். இரண்டாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது, மறுகையால் தாங்கியிருந்த ஸ்பீக்கரே முழங்கியது. விழ இருந்தவர் காரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஷெட் ரிமோட்டின் திரையில் எழுத்து ஓடியது: 'மாஸ்டர்மேல் கோபம்.'

செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக ஓடினார்.

படுக்கையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ரிமோட், கட்டைவிரல் சக்கரத்தின்மேல். எழுத்துப் பிடிபடாவிட்டால் என்ன, பட்டியல் அவள் போட்டது. எந்த மருந்து எந்த இழுப்பறையில் என்று தெரிந்த விரலுக்கு, எந்த வகை எத்தனையாவது என்று தெரியாதா? மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்டு வந்த நோயாளியை முறைப்பதுபோல அவரை முறைத்தாள்.

"நான் தொடலப்பா, அம்மாவேதான்" என்றாள் மகள்.

"எம்மேல கோபமா?" என்றார் மாஸ்டர்.

"சரி!" ஜன்னல் அதிரச் சொன்னாள்.

"ஸ்பீக்கரைக் கழட்டப் போனதுக்கா?"

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். இப்போது படுக்கையறை ஸ்பீக்கர் பாடியது. ஆமை வேகத்தில் இழுத்து இழுத்து, கேட்கிறவர் எழுந்து போனால்தான் நிற்பேன் என்கிற பாட்டு. 'விருந்தாளி கிளம்பாதபோது.' அவள் பார்வை புது ஸ்பீக்கர்மேல் குத்திட்டு நின்றது.

மகள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. "சரிம்மா, சரி. இதைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுறேன்." மாஸ்டர் தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை திட்டு. அந்தக் கோபப் பாட்டையே போடு" என்றார். அவள் போட்டாள்.

இப்போது அவளிடம் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. அதில் மூன்று வசவு. பெட்டி நின்றுபோனால் என்ன செய்வதென்று மாஸ்டர் பல் டாக்டருக்கே போன் போட்டார். அவர் போனிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க, பாட்டுகளும் பட்டியலும் அப்படியே இன்னொரு டிஸ்கில் ஏறின. மாஸ்டர் அதில் மூன்று முறை தப்புப் பண்ணினார், நாலாவது முறை வந்தது. டாக்டர் ஒரு வார்த்தை அதட்டவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஷெட்டில் வேலை முடிந்தும் மாஸ்டர் உள்ளே போகவில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. 'சாப்பாட்டுக்கு முன்' ஆரம்பித்தது. துணியை உதறிப் போட்டுவிட்டு, "சரி" என்றார், ஸ்பீக்கரைப் பார்த்து. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவளிடமும் ஒரு தடவை சொன்னார்.