விரிசலின் மேல் ஒட்டிய வசனம்

சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள், கர்த்தர் தங்களைக் காப்பாற்றிய கதையைச் சொல்வார்கள். அவர் என்னைக் காட்டிக்கொடுத்த கதையைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். காட்டிக்கொடுத்ததற்காக அவருக்கு ஸ்தோத்திரம். இதைச் சொல்லும் பக்குவம் வர எனக்கு மூன்று வருடம் ஆனது.

என் பெயர் எபனேசர். எபி என்றால்தான் எங்கள் மலையூர் பேத்துப்பாறையில் தெரியும். நான் பி.எம்.எக்ஸ். சைக்கிள் பந்தயக்காரன். சின்னச் சக்கரம், ஒரே கியர், பின்னால் மட்டும் பிரேக். எட்டுப் பேர் மேட்டின் உச்சியில் ஒரு இரும்புப் பலகையில் முன் சக்கரத்தை முட்டி நிற்போம். பலகை சரிந்ததும் பாய வேண்டும். மண்மேடுகள், தாவல்கள், வளைவுகள், நாற்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நாற்பது நொடிக்காக வருடம் முழுக்க வெள்ளனே எழுந்து, மூடுபனியில் ஏற்றத்தில் மிதித்து, பிறகு இரும்பு தூக்கி, மத்தியானம் அதே பலகையில் முப்பது தடவை பாய்ந்து பழகுவோம். என் காறையெலும்பு இரண்டு தடவை ஒடிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பெடல் கிழித்த தழும்பு இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பந்தயம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்கு வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்று ஆகிப்போனது. ஆனாலும் விசுவாசி என்ற நினைப்பு மட்டும் குறையவில்லை.

என்னோடு அதே தடத்தில் சைக்கிள் பழகியவள் ரோஸ்லின் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்பா இல்லை. அம்மா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பெண்களில் அக்காவைப் போலப் பலகையிலிருந்து பாய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. எனக்கு வளைவு எடுக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பலமாக ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கியிருக்கும். மறுபடி அடி விழுந்தால் அது தாங்காது. பச்சைப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தான் சைக்கிளில் ஏற்றுவோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் நாட்களில் பயிற்சியில் தலைகுப்புற விழுந்தேன். ஹெல்மெட்டின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கோச்சிடம் சொன்னால் ஒரு மாதம் உட்கார வைத்துவிடுவார். சொல்லவில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் என் அம்மா வாங்கித் தந்த வசன ஸ்டிக்கர் ஒன்று கிடந்தது. கர்த்தர் காப்பார் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை எடுத்து விரிசலின் மேல் ஒட்டினேன். சரியாக அளவெடுத்தாற்போல மூடிக்கொண்டது. பந்தயத்துக்கு முன் ஹெல்மெட் பார்க்கிற அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சிரித்து, முதுகில் தட்டி அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பந்தயம் ஜெயித்தேன். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

பிறகு எனக்குப் புது ஹெல்மெட் வந்தது. பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ராசியான ஹெல்மெட் என்று நினைப்பு. விசுவாசி ராசி பார்க்கக் கூடாது என்பார்கள், நான் பார்த்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர்த் தடத்திலேயே அணித் தேர்வு. வெளிநாட்டுப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அக்காவின் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கூடாரத்துக்குள் ஓடி வந்தாள்.

"ஏலே எபி, என் ஹெல்மெட் பக்கிள் பிஞ்சு போச்சுடா. உன்னத குடு வெரசா."

புது ஹெல்மெட் என் மடியில் இருந்தது. என் ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் ஓடி முடித்துக் கழற்றித் தர ஐந்து நிமிடம் போதும். அதைக் கொடுத்திருக்கலாம். கீறல் விழுந்துவிடுமே என்று நினைத்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

"பைக்குள்ள பழசு கெடக்கு, எடுத்துக்கக்கா," என்றேன்.

எடுத்தாள். ஸ்டிக்கரைப் படித்தாள். "கர்த்தர் காப்பார்னு போட்டிருக்கு, பெறகென்ன!" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் இருந்தது. நிறுத்தவில்லை.

இரண்டாவது தாவலில் அவளுடைய முன் சக்கரம் மேட்டின் முனையில் இடித்தது. தூக்கி எறியப்பட்டு பின்மண்டை தரையில் பட விழுந்தாள். பின்னால் வந்தவளின் சக்கரமும் தலையில் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு தானாகவே எழுந்து கையை ஆட்டினாள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா நன்றாகப் பேசினாள். தலை மட்டும் கனமாக இருக்கிறது என்றாள். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் மலையிறங்கி மதுரைக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை, டூரிஸ்ட் வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாள். டாக்டரம்மா கவனமாகத்தான் கேட்டார்கள்.

"ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தானே? ஒடையலையே?"

"மண்ணு ஒரசின கீறல்தாம்மா, ஒடசல் இல்ல, பாருங்க," என்று கோச் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

"அப்ப ரெண்டு மணி நேரம் இங்கயே வச்சுப் பாப்போம்," என்றார்கள்.

அதற்குள் அக்காவின் அம்மா வந்துவிட்டார்கள். கையில் வெங்காய வாசம் போகவில்லை. கூடவே சபைச் சகோதரிகள் இரண்டு பேர். ஒரு சகோதரி ஹெல்மெட்டை எடுத்து அம்மாவிடம் காட்டி, "பாத்தியாக்கா, வசனம்தான் பிள்ளையக் காப்பாத்திருக்கு. ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லணும்," என்றார். அம்மா அதை வாங்கி மடியில் வைத்து அந்த ஸ்டிக்கரை முத்தமிட்டார்கள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு குழாய் உண்டு. அங்கே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அக்கா பொழைக்கணும். இது வெளிய வரக் கூடாது." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஜெபித்தால் சமாதானம் வரும் என்பார்கள். எனக்கு வாந்திதான் வந்தது. வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி கேட்டேன். இரண்டாவதைக் கேட்க நா எழவில்லை. "என் வாயத் தொறங்க ஆண்டவரே," என்று மட்டும் கேட்டேன். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். என் காலடி கேட்டுத் திறந்தாள். "எபி, உன் ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலயேடா?" என்று கேட்டாள்.

அதுதான் எனக்கு வந்த பதில் என்று நம்புகிறேன்.

அம்மாவின் மடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து டாக்டரம்மா முன்னால் வைத்தேன். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். முழுசாக உரியாமல் துண்டு துண்டாக வந்தது. பாதி எழுத்து போனதும் விரிசல் தெரிந்தது. இப்போது அது பழைய விரிசலாக இல்லை, ஸ்டிக்கருக்கு அடியிலேயே நகம் இறங்கும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. "இது முன்னாடியே ஒடஞ்சதுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்," என்றேன்.

டாக்டரம்மா விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அம்மாவோடு நானும் ஏறிக்கொண்டேன்.

மலைப்பாதை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருவிப் பக்கம் வண்டிகள் நடுரோட்டில் நிற்க, ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி ஓடி, வண்டிக் கண்ணாடிகளைத் தட்டித் தட்டி வழி விடச் சொன்னேன். வத்தலக்குண்டுக்கு மேலே ஒரு வளைவில் அக்கா வாந்தி எடுத்தாள். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக விரிந்து நின்றது. அம்மா, "ரோஸி, ரோஸி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தக் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

மதுரையில் நேராக ஆபரேஷன். மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தியிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் மலையிலயே வச்சிருந்தா கொண்டுவந்து பிரயோசனமே இல்ல," என்றார் பெரிய டாக்டர்.

அக்கா பிழைத்தாள். இடது கை மட்டும் இன்னும் சரியாக மடங்காது. சில நேரம் சொல்ல வந்த வார்த்தை வராமல் அழுவாள். இனி பந்தயம் கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் அம்மா என்னிடம் வந்தார்கள்.

"நீ சொன்ன. அதனால பிள்ள இருக்கா. சரி. ஆனா தம்பி, நீ எங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணாத."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தேர்வுக் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் ஓடக் கூடாது என்றார்கள். ஏற்றுக்கொண்டேன். தடை முடிந்த பிறகும் பலகையில் ஏற மனம் வரவில்லை. இப்போது எங்கள் தடத்தில் ஹெல்மெட் பார்க்கிறவன் நான். ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும், சிலுவையே போட்டிருந்தாலும், உரித்துப் பார்க்காமல் விட மாட்டேன். விரிசல் இருந்தால் வாரை அங்கேயே கத்தரித்துவிடுவேன். பையன்கள் என்னை 'கத்தரி அண்ணன்' என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மா சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு மூன்று வருடமாக அக்கா பெயரைச் சொல்லி நான் ஜெபிக்கவில்லை. முழங்கால் போடுவேன், பெயர் தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன்.

மூன்று நாளுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றார்கள். பக்கத்தில் அக்கா. "வர்ற வெள்ளிக்கெழம இவ கைக்கு ஆபரேஷன்," என்றார்கள். அக்காவின் மடங்காத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்.

"நீயும் ஜெபம் பண்ணு எபி."

பிரியமானவர்களே, நீங்கள் எதை எதன் மேல் ஒட்டி மூடி வைத்திருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. ஆண்டவரை நம்பி அதை உரித்துவிடுங்கள். அவரிடம் மட்டும் சொன்னால் போதாது, சொல்ல வேண்டியவரிடமும் சொல்லுங்கள். வாயை அவர் திறந்து கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். இப்போது என்னோடு கொஞ்ச நேரம் முழங்கால் போடுங்கள். அவள் பெயர் ரோஸ்லின். இடது கை.