செல்வத்தின் இடுப்பளவு

செல்வத்தின் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்திருந்தேன். என் விரலுக்கு அடியில் அவனுடைய இதயம், மோட்டார் போட்ட தையல் மெஷின் போல ஓடியது. வேகமாக நடந்து வந்திருப்பான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவன் கால் மணி நேரமாக நம் தையல் கடையில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தான்.

பிள்ளைகளே, செல்வம் மாமாவுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டபோது ‘காய்ச்சல்’ என்று சொன்னேன். அது பொய். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களோடு படிக்கிற யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

நானும் அவனும் தாராபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கோயமுத்தூர் வந்தவர்கள். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடியறையில் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல வெள்ளைச் சட்டை. யாருக்கு விசேஷமோ அவர் போட்டுக்கொள்வார். எனக்கு லூசாக இருக்கும், அவனுக்கும் லூசாகத்தான் இருக்கும். அப்படி இருந்தோம்.

அவனுக்கு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. முதல் காக்கி பேண்டை நான்தான் தைத்தேன். இடுப்பு இருபத்தெட்டு. நெரிசலான பஸ்ஸில் அவன் புகுந்து போவதைப் பார்த்தால் துணிக்குள் ஊசி போவது போல இருக்கும். பஸ் நம் கடையைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டு எனக்காக ஒரு விசில் கொடுப்பான். டிரைவர் ஒவ்வொரு முறையும் ஏமாந்து பிரேக் போடுவார்.

அவனுக்குக் கல்யாணமான மூன்றாவது வருடம் நோய் வந்தது. டாக்டர் பைபோலார் என்றார் (மனம் சில வாரம் அளவுக்கு மீறிப் பொங்கும், சில வாரம் எழுந்திருக்கவே முடியாமல் அமுங்கிவிடும்). மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். பல வருடம் நன்றாகவே இருந்தான். ஆனால் அந்த மாத்திரையில் பசி கூடியது, உடம்பும் போட்டது. பஸ்ஸில் கேலி. “அண்ணா, சித்த அக்கட்டால தள்ளி நில்லுங்க, பஸ்ஸு சாயுது” என்பார்களாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொல்வான்.

நம் கடையில் நான் டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வேன், உங்கள் அம்மா நோட்டில் எழுதுவாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், கடை நிறைய ஆட்கள். செல்வத்துக்கு அளவெடுத்தேன்.

“இடுப்பு முப்பத்தெட்டு! என்றா மாப்ள, ஒரு ஆளுக்கு அளவெடுக்கறனா, ரெண்டு ஆளுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். “டிக்கெட்டும் ரெண்டு எடுக்கோணும்ங்க” என்றான். அத்தோடு நான் மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பேண்டை எடுத்து வந்தான், லூசாகிவிட்டது, இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று. முப்பத்தாறு. பிறகு முப்பத்துநான்கு. பிறகு முப்பத்திரண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டினேன்.

“எப்படிடா?”

“நடக்கறேன் மாப்ள. ராத்திரிச் சோத்த நிறுத்திப்போட்டேன்.”

பேண்டின் பின் தையலில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விடுவோம், உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்காக. மூன்றாவது முறை அவன், “அந்த உள்துணிய வெட்டிப்போடு. இனி எனக்கு எதுக்கு?” என்றான். எந்த டெய்லரும் அதைச் செய்ய மாட்டான். நான் வெட்டினேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான், நான் முதலில் சொன்ன அந்தப் படபடப்பு. அன்றைக்கு ஒரு காக்கித் துணிக்கட்டோடு வந்திருந்தான். தன் ரூட்டில் ஓடுகிற எல்லோருக்கும் புது யூனிஃபார்ம் தைக்க வேண்டுமாம். சொந்தமாகப் பஸ் விடப் போகிறானாம். உதடு காய்ந்து, பேச்சு ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. அளவெடுக்கும்போது அவன் போட்டிருந்த பேண்டின் சின்னப் பையில் ஏதோ தட்டுப்பட்டது, எடுத்துப் பார்த்தேன். ஒரு காகித மடிப்பில் இரண்டு மாத்திரைகள்.

“ஏதுடா இது?”

“மூலிகைடா. போன்ல பாத்து வரவெச்சேன். கொழுப்பக் கரைச்சுப்போடும்.”

“டாக்டரம்மா குடுத்தது என்னாச்சு?”

“அத நிறுத்தி மூணு மாசமாச்சு. அதுதானே என்னைய வீங்க வெச்சது?” என்றவன் சிரித்தான். “நீதான கேட்ட மாப்ள, ரெண்டு ஆளான்னு.”

அந்தக் காகித மடிப்பை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி என்றதும் ரோட்டில் இறங்கிக் கத்தினான். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீங்கள் பார்த்தது அதைத்தான். “என்னையப் பைத்தியம்ங்கறயா?” என்றான். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. “இல்லடா. உன் நெஞ்சு அடிக்கறது என் கைக்குப் பயமா இருக்குது. அத மட்டும் காட்டிப்போட்டு வந்தரலாம்” என்றேன். கொஞ்ச நேரம் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். வந்தான்.

எப்போதிருந்து என்று டாக்டரம்மா கேட்டபோது அவன் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கடைக்குப் போய் அளவு நோட்டை எடுத்து வந்து காட்டினேன். தேதியும் இடுப்பும் வரிசையாக இருந்தன. அவர் இரண்டு முறை படித்தார்.

இளைக்க வைக்கும் அந்த மாத்திரை இதயத்தை விரட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். சீராக்கும் மாத்திரையையும் நிறுத்தியதால் மனம் பொங்கிவிட்டது என்று விளக்கினார். நான் செய்த கேலியைச் சொன்னேன்.

“இது நீங்க சொன்ன ஒரு பேச்சால வந்த நோய் இல்லீங்க” என்றார். “ஆனா அந்தப் பேச்சு வேண்டாமுங்க. உடம்பு போடுதுன்னா எங்ககிட்ட வந்து சொல்லோணும். மருந்த மாத்திப் பாக்கலாம். அவராவே நிறுத்தக் கூடாதுங்க.”

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகு, பொங்கிய மனம் அடங்கி, அமுங்கிவிட்டது. பகலெல்லாம் நம் கடை ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். நானும் பேசச் சொல்லவில்லை. பிரிக்க வேண்டிய துணியைக் கையில் கொடுப்பேன். ஒரு தையலைப் பிரிக்க அரை மணி நேரம் எடுப்பான். அவசரக்காரனான எனக்கு, ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் இருவரும் நடந்தோம். ஸ்டெல்லா மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். இப்படியே ஐந்து மாதம்.

வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று பழைய பேண்டைக் கொண்டு வந்தான். பத்தவில்லை. பிரித்து விட உள்ளே துணியும் இல்லை. நான் வெட்டிய இடத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

“புதுசு தைய்யி மாப்ள” என்றான்.

கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன். இப்போதெல்லாம் நம் கடையில் யாருடைய அளவையும் சத்தமாகச் சொல்வதில்லை. நீங்கள்கூட ஏன் என்று கேட்டீர்கள்.

“என்றா ரகசியம் பேசற? தங்கச்சிக்குக் கேக்கலயாட்ட இருக்குது” என்றவன் திரும்பி, ஸ்டாப்பிங் பெயரைக் கூவுகிற அதே குரலில் கூவினான்: “இடுப்பு முப்பத்தெட்டுங்க அம்மணி! எழுதிக்கிங்க!”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவனே சிரித்தான். அம்மா தலை நிமிராமல் எழுதினாள்.

பின் தையலில் உள்ளே மடிக்க இரண்டு அங்குலம் சேர்த்து எழுதச் சொன்னேன். பிறகு சட்டையும் தைக்க மார்பளவுக்கு டேப்பைச் சுற்றினேன். எண்ணைப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் விரலை எடுக்காமல் பிடித்திருந்தேன். நிதானமாக அடித்தது, காலால் மிதிக்கிற பழைய மெஷின் போல.

“முடிஞ்சுதா மாப்ள?” என்றான்.

“இரு” என்றேன்.