பண்டமாரானில் செய்த பனிவண்டிக் குழாய்

என் தம்பி கனடாவின் வடக்கே, வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் தீர்ந்துபோய் ஏரிகள் மட்டும் மிஞ்சுகிற இடத்தில், பனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குகள், பின்னால் பல் வைத்த ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கை. மலேசியாவின் கிள்ளானில் பிறந்து, குளிர் என்றால் துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் என்று வளர்ந்தவன்.

அங்கே போனதும் முதலில் அவனுக்குக் கிடைத்தது கோழி வெட்டும் ஆலை. வருஷக்கணக்காக அதில் நின்றான். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறான்: கண்ணை மூடினாலும் கோழி தொங்குகிற கொக்கிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்றான். பிறகு ஒரு விடுதியை நடத்துகிறவர்கள், ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மரக்குடில்களுக்கு விறகும் எண்ணெயும் விருந்தாளிகளின் பெட்டிகளும் இழுத்துப்போக ஆள் தேடினார்கள். நிபந்தனை ஒன்றுதான். வண்டி சொந்த வண்டியாக இருக்க வேண்டும், குளிர்காலம் முழுக்க ஓட வேண்டும். நின்றால் வேலை அடுத்தவனுக்கு. அவன் ஒரு பழைய டர்போ வண்டியை வாங்கினான். அன்றிலிருந்து தொலைபேசியில் அவன் குரலே வேறு. ஏரி உறைந்து இறுகும்போது அடியிலிருந்து திமிங்கிலம் முனகுவதுபோல் சத்தம் வருமாம். சொல்லிவிட்டு, "நீ எழுதிக்கோக்கா, எனக்கு எழுத வராது" என்பான். நான் எழுதவில்லை. என்னுடைய பனி எல்லாமே ஃபிரிட்ஜுக்குள் இருந்த பனி.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் வண்டியின் எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய், விரிசல் விட்டது. அடுத்த பனி விழுவதற்குள் வேறு போட வேண்டும். நீடித்து உழைக்கிறதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கொக்கிகளிடம் திரும்பிப் போக வேண்டும். இதை அவன் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. டைட்டானியத்தைப் பற்றிச் சொன்னான்.

அவனுக்குச் சாயங்காலம், எனக்குக் காலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் நான் மெய்ப்புப் பார்க்கிறேன். யாரோ ஒரு மணமகனின் தகப்பனார் பெயரில் விட்டுப்போன துணைக்காலைப் போட்டுக்கொண்டிருக்கும்போது காதுக்குள் தம்பி உலோகம் பேசுவான். டைட்டானியம் இலேசு, ஆனால் பந்தயக்காரர்களுக்கானது, போடுகிற சத்தத்தில் விடுதிக்காரர்கள் விரட்டிவிடுவார்கள். வண்டியோடு வந்த கம்பெனிக் குழாய்தான் விரிசல் விட்டது, மறுபடி அதையேவா. கடையில் கிடைக்கும் மற்றதெல்லாம் மெல்லிசுத் தகரம், ஒரு குளிர்காலம் தாண்டினால் அதிர்ஷ்டம். டர்போ ஊதும் புகை நெருப்பாக உள்ளே போகும், வெளியே மூச்சே உறைகிற குளிர். நடுவில் ஒரு குழாய் இரண்டையும் தாங்க வேண்டும். நாங்கள் வருஷக்கணக்காக ஒருவரோடு ஒருவர் இவ்வளவு பேசியதில்லை. சாப்பிட்டியா, மழையா, உடம்பு எப்படி, சரி வெக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் உறவு. இப்போது குழாய் வந்தது, நாங்கள் அக்கா தம்பி ஆனோம்.

ஒருநாள் கேட்டான்: "அக்கா, பண்டமாரான்ல அந்த எக்ஸோஸ் கடை இன்னும் இருக்கா? லோரி செத்தாலும் பைப் சாகாதுன்னு சொல்வாங்களே, அது?"

இருந்தது. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் திரும்புகிற முனையில், உப்புக்காற்றும் கரியும் அப்பிய ஒரு கொட்டகை. நடத்துகிறவருக்கு என் வயது இருக்கும், தடித்த கண்ணாடி, பேசுவதற்கு முன் மூக்கை உறிஞ்சும் பழக்கம். இளவயதில் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கு அவர்தான் குழாய் மாற்றியிருக்கிறார். நினைவிருக்கிறதா என்றேன். எத்தனை பசங்க அக்கா, எத்தனை போலீஸ் சம்மன் என்றார். அதை அப்படியே தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். அவருக்கு ஞாபகம் இல்லாவிட்டால் என்ன, பைப்புக்கு இருக்கும் என்றான்.

விரிசல் விட்ட குழாயை மாதிரிக்கு பார்சலில் அனுப்பினான். அதைச் சேலைக் கடைப் பை ஒன்றில் சுற்றி, கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். பையிலிருந்து வளைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அங்கிள் வெகுநேரம் பார்த்துவிட்டு, காவடிச் சாமானாம்மா என்று கேட்டார். பனியில் ஓடுகிற மோட்டாருக்கு என்றேன். அவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரர் குழாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு துண்டு. ஒன்று டர்போவிலிருந்து இறங்குவது, மற்றது சத்தத்தை அடக்கும் குடுவை. இரண்டையும் திருகவில்லை, ஒட்டவில்லை. ஒன்றின் வாய் மற்றதற்குள் சும்மா உட்கார்ந்திருந்தது, இரு பக்கமும் ஸ்பிரிங் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவர் ஒரு ஸ்பிரிங்கை விரலால் சுண்டினார். டிங் என்றது.

"இது என்ன அக்கா, ஆடுது?"

துறைமுகச் சாலையில் குழாய் ஆடினால் அது அந்தக் கடைக்கே அவமானம். கொள்கலன் ஏற்றிய லோரி குழிகளில் விழுந்து எழும்போது கிலுகிலு சத்தம் வந்தால், இது யார் வைத்த வெல்டிங் என்று அடுத்த லோரிக்காரன் ஜன்னலை இறக்கிக் கேட்பான். இங்கே ஆடுவதை இறுக்கித்தான் பழக்கம். துருவுக்குத்தான் பயம். விரிசலைப் பற்றி யார் யோசித்தார்கள்.

தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். கடைக்காரர் ஃபோனை வாங்கி, குழாயின் வாய்க்குள் பிடித்துக் காட்டினார். கனமான ஸ்டெயின்லெஸ்ஸில் செய்கிறேன், துருவே ஏறாது, ஆனால் இந்த இடத்தை ஒரே குழாயாக அடைத்துவிடலாமா என்று கேட்டார்.

"அடைச்சிருங்க அண்ணே. ஓடறப்போ அது கத்தற கத்துல தலைவலியே வந்துரும்," என்றான் தம்பி.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் அடுக்குமாடி வீட்டை ஒட்டி மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் ஆடும், மின்விசிறி ஆடும், தட்டுகள் ஆடும், அவற்றோடு நானும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அறைக்கு அறை ஆடிக்கொண்டிருப்பேன். உலகத்தில் ஒன்றாவது ஆடாமல் இருக்கட்டுமே. மூன்று பேரும் கிள்ளான்காரர்கள், மூன்று பேரும் தலையாட்டினோம்.

குழாய் தயாரான அன்று அவர் ஒரு சோதனை வைத்தார். வளைவைக் காஸ் நெருப்பில் செக்கச்செவேலென்று பழுக்கவைத்து, பக்கத்தில் ரொட்டியும் டீயும் போடும் மாமாக் கடையிலிருந்து வாங்கிவந்த ஒரு மூட்டை ஐஸை அப்படியே அதன்மேல் கொட்டினார். கொட்டகை முழுக்க வெள்ளை ஆவி. குழாய் ஒரு கணம் பாம்புபோல் சீறி அடங்கியது. ஆவி விலகியதும் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். ஒரு கீறல் இல்லை. மாமாக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, பாஸ், கனடா வந்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தரையில் உருகிய தண்ணீரில் செருப்போடு நின்று, பல வருஷங்களில் முதல்முறையாக எதையோ உருப்படியாகச் செய்துவிட்டதுபோல் உணர்ந்தேன். குழாய் மேசையில் தனியாகக் கிடந்தது. எந்த முனையையும் எதுவும் பிடித்திருக்கவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கழற்றிய ஸ்பிரிங்குகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இது இனி வேணாம்லா. வெச்சிக்கோங்க."

முதல் பனி விழுந்ததும் தம்பி வீடியோ அனுப்பினான். வெள்ளை, வெள்ளை, கண் கூசும் வெள்ளை. அதன் நடுவே நம் ஊர் லோரி மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். கிலுகிலு இல்லை. கேக்குதாக்கா, பண்டமாரான் ஏரி மேல போகுது என்றான். அந்த வீடியோவைக் கடைக்காரருக்கு அனுப்பினேன், அவர் அதைத் தன் லோரி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். கார்த்திகை போனது, மார்கழி போனது. நான் ஒவ்வொரு காலையும் குழாய் எப்படி என்று கேட்டேன், குழந்தையைக் கேட்பதுபோல்.

பிறகு ஒரு காலை அவன் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்து கூப்பிட்டபோது, சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் சாப்பிட்டியா என்று ஆரம்பித்தான்.

ஏரியின் நடுவில், விறகு ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது, டர்போவை ஒட்டி குழாய் சுற்றிலும் அறுந்திருக்கிறது. நெருப்புப் புகை உள்ளேயே பீறிட்டு, வயரையும் எஞ்சின் மூடியையும் உருக்கி, டர்போவையும் கொண்டுபோய்விட்டது. அவன் கரைவரை நடந்திருக்கிறான். அந்த வாரமே விடுதிக்காரர்கள் வேறொருவனை வைத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

"எஞ்சின் ரப்பர் மேல உக்காந்து ஆடுதுக்கா. குழாயும் அதுகூட ஆடணும். அதுக்குத்தான் ஸ்பிரிங். நாமதான் கட்டிப்போட்டோம்," என்றான். யாரையும் குறை சொல்லாத குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறுந்த குழாயின் படத்தை எடுத்துக்கொண்டு பண்டமாரான் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"வெல்டிங் விடல பாருங்க அக்கா," என்றார். "பக்கத்துலதான் அறுந்திருக்கு."

உண்மைதான். அவர் அடைத்த இடம் அப்படியே இருந்தது, மீன் செதில் போல வரிவரியாக, அழகாக. அதைச் சொல்லிய பிறகு அவருக்கே அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினார், வேறு ஒன்று சும்மாவே செய்து தருகிறேன், இந்த முறை ஸ்பிரிங்கோடு என்றார். வண்டியே போய்விட்டது என்றேன். ஒரு லோரி பின்னோக்கி வந்து நின்றது. அவர் அதன் அடியில் படுத்தார்.

தம்பி கோழி ஆலைக்குத் திரும்பிவிட்டான். வண்டியை உதிரி உதிரியாக விற்கிறான். குழாயை வாங்க ஆளில்லை. திரும்பி வந்துவிடேன் என்று ஒருமுறை சொன்னேன். வந்து என்ன பண்ண என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறோம். சாப்பிட்டியா, மழையா. ஏரி சத்தம் போடுகிறதா என்று கேட்க வாய்வரை வரும், ஆலையிலிருந்து ஏரி வெகுதூரம்.

போன வாரம் அச்சுக்கடையில் என் மேசை இழுப்பறையைத் துடைத்தபோது அந்தப் பை கையில் பட்டது. ஸ்பிரிங்குகள் துருவேறாமல், புதிதுபோல் இருந்தன. ஞாயிறு அவனிடம் சொன்னேன், அனுப்பட்டுமா என்றேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எதுக்குக்கா? கோழிக்கு ஸ்பிரிங் வேணாம்," என்றான்.

சிரித்தான், நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போய் முடிகிறவரை தட்டுகள் ஆடின. சரி வெக்கிறேன் என்றான்.