‘செல்லாது’ என்று சொல்லவிடாத மெஹருன்னிசா

செவ்வாய்க்கிழமை காலை, பணம் கட்டும் கவுண்டரில் அன்றைய முதல் ரசீதை நான் போட்டுக்கொண்டிருந்தபோது ஹாஜா கூப்பிட்டார். மெஹருன்னிசாவின் கணவர். பல வருடம் சவுதியில் லாரி ஓட்டி, முதுகு போய் ஊர் திரும்பியவர். “சேகரண்ணே, மெஹரு மவுத்தாயிட்டாண்ணே. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க” என்றார். சொன்னேன். நர்சுகள் அழுதார்கள். லிஃப்ட்காரர் அழுதார். மேலாளர் மட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி, “பாவம், நல்ல ஸ்டாஃப்” என்றார். உயிரோடு இருந்தவரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட நினைக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் ‘பண்பாளர், பழக இனியவர்’ என்று எழுதித் தொலைப்பேன். மெஹருன்னிசா பழக இனியவர்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

தஞ்சாவூரில் நாங்கள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அரசு காப்பீட்டு அட்டையோடு வரும் ஏழைக் குடும்பங்களுக்கு விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வாங்கி, அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவது மெஹருன்னிசாவின் வேலை. அதற்கென்று கொடுத்திருந்த மேசையை மாடிப்படிக்குப் பின்னால், எக்ஸ்ரே அறைக்குப் போகும் இருட்டுச் சந்தில் போட்டிருந்தார்கள். அவர் சேர்ந்த முதல் வாரமே அதை இழுத்துக்கொண்டு வந்து முன்கூடத்தில், என் கவுண்டருக்கு நேர் எதிரே போட்டார். “யாரைக் கேட்டு இங்க போட்டீங்க?” என்று மேலாளர் பாய்ந்தார். “பேஷன்ட்டைக் கேட்டுத்தான் சார். அந்தச் சந்துல என்னைக் கண்டுபிடிக்கவே முடியலேங்கறாங்க.” “ஹாலோட அழகே போச்சே!” “நான் வேணா ஒரு பூ ஜாடி வச்சுடறேன் சார்.” மறுநாள் கும்பகோணத்திலிருந்து ஒரு பித்தளை ஜாடி வந்து சேர்ந்தது. மேசை நகரவேயில்லை.

இனி என் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. என் கவுண்டருக்கு வாய்வழியாக ஓர் உத்தரவு இருந்தது. காசு கட்டிச் சேர்ந்த நோயாளி பிறகு அட்டையை நீட்டினால் ‘செல்லாது’ என்று சொல்ல வேண்டும். திட்டத்தின் விதியில் அப்படி எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். எனக்கு இரண்டு பெண்கள், இந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வருடக்கணக்காகச் சொன்னேன். எதிர் மேசையிலிருந்து மெஹருன்னிசா குரல் கொடுப்பார். “செல்லாதுன்னா அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே. இவங்க கையில குடுத்தனுப்பறேன்.” நான் எழுதியதில்லை. அந்தக் கட்டடத்தில் யாருமே எழுதியதில்லை. வந்தவர்களிடம் அவர் சொல்வார்: “வாயால சொல்ற இல்லையை நம்பாதீங்க. பேப்பர்ல வந்தாத்தான் அது இல்லை.”

ஒரு சம்பா நடவு சமயத்தில் குடவாசல் பக்கமிருந்து தங்கராசு வந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்பவர். அவர் மனைவி வளர்மதி வயலில் மூச்சு வாங்கி மயங்கி விழுந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்ததால், அவரும் வாடகைக் காரில் கூடவே வந்துவிட்டார். “கார்டு ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். தங்கராசு சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “அதெல்லாம் இல்லீங்க. காசு கட்டிடுறோம்” என்றார். எங்கள் ஜில்லாவில் சம்பந்தி எதிரே உட்கார்ந்தால் இரண்டாவது முறை சோறு கேட்கவே கூச்சப்படுவார்கள். அங்கே ஏழைக்கான அட்டையை எடுத்து நீட்டுவதாவது! அவர் சட்டைப் பையில் அட்டை துருத்திக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. மெஹருன்னிசா அன்று விடுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் தங்கராசு தனியாக வந்தார். வால்வு ஆபரேஷன், நாளைக்கே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையிலிருந்தது தீர்ந்துவிட்டது. அட்டையை என் முன்னால் வைத்தார். நான் பாடம் ஒப்பிப்பதுபோல, “காசுக்குச் சேர்ந்தவங்களுக்கு இது செல்லாதுங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப வூட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போயிடவாங்க?” என்று என்னிடமே அனுமதி கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மெஹருன்னிசா எழுந்து வந்தார். தங்கராசுவைக் கையோடு கூப்பிட்டுக்கொண்டார். “நீங்களும் வாங்கண்ணே. செல்லாதுன்னு சொன்னது நீங்கதானே?” மூவரும் மேலாளர் அறைக்குள் போனோம். மெஹருன்னிசா ஒரு வெள்ளைத்தாளை மேலாளரின் மேசையில் வைத்தார்.

“ரெண்டே வரி எழுதிடுங்க சார். இந்தம்மாவுக்குக் கார்டு இருக்கு, திட்டத்துல இந்த ஆபரேஷன் இருக்கு, ஆனா நாங்க செய்ய மாட்டோம். கீழ கையெழுத்து, சீல்.”

“நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இருக்கான்னு யோசிச்சுக்கோ” என்றார் மேலாளர். ‘வாங்க, போங்க’ எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயிருந்தது.

“அதையும் எழுதிக் குடுத்துடுங்க சார். இன்னொரு பேப்பர் கொண்டாந்திருக்கேன்.”

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த மெஹருன்னிசாவின் கைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. குரலில் அது துளிகூடத் தெரியவில்லை. மேலாளர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடியும் மூடினார். “அப்ளிகேஷன் போட்டுத் தொலைங்க” என்றார். அன்று மாலையே அவசர ஒப்புதல் வந்தது. மறுநாள் காலை வளர்மதிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில் அவர் பந்தி விசாரித்ததை நான் பார்த்தேன்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. வளர்மதி வீடு திரும்பும் நாளில் அந்தச் சம்பந்தியம்மா மெஹருன்னிசாவின் மேசைக்கு வந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். “இதுல முட்டி ஆபரேஷன் பண்ணுவாங்களாம்மா? சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேணாம்.” அவர் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு மெஹருன்னிசா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது. “ரெண்டு வீட்டுலயும் கார்டு இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு ஒரு உசிரை விடப் பாத்தாங்கண்ணே. கவர்மென்ட் ரோடு போட்டா அதுல நடக்க வெக்கப்படறாங்களா? இதுல மட்டும் என்ன வெக்கம்?”

கை நடுங்கியதைப் பற்றி ஒரு நாள் கேட்டேவிட்டேன். “பயந்துட்டியாம்மா?” “பின்ன? ரெண்டு புள்ளைங்க படிக்குது, வூட்டுல அவுங்களுக்கு முதுகு போச்சு. பயமில்லாம இருக்க நான் என்ன சினிமாவுல வர்ற ஆளா? பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும்ணே. வேலையைக் கெடுக்காம இருந்தாச் சரி.” சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். அன்று எலுமிச்சைச் சோறு.

பிறகு அவருக்கே வந்தது. மார்பில் கட்டி. ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் துரத்திக்கொண்டு ஓடியதில் தன் ஸ்கேனை மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தார். அதற்காக அவர்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நிர்வாகம் தாராளமாக முன்வந்தது. தனி அறை, ஊழியர் சலுகை. எங்கள் ஊழியர் பொது வார்டில் படுத்தால் மருத்துவமனைக்குக் கௌரவம் என்னாவது? அவர் மறுத்துவிட்டார். தன் விண்ணப்பத்தைத் தானே போட்டார். ஒப்புதலுக்காகக் கட்டிலில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். நான்தான் எடுத்தேன். “சிரிக்கவா, வேணாமாண்ணே? சிரிச்சா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?” என்று கேட்டார். ஏன் இந்தப் பிடிவாதம் என்றேன். “சலுகைன்னா அது அவங்க தர்றது. கார்டுன்னா அது என்னோடது.”

அட்டை அவரைக் காப்பாற்றவில்லை. நோய் முந்திக்கொண்டது. ஆனால் கூத்தாநல்லூரில் அவர் வீடு சிகிச்சைக்காக விலைபோகாமல் இன்னும் அவர் பிள்ளைகளிடம் இருக்கிறது. யார் வாசலிலும் போய் நிற்காமல், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிராமல் சிகிச்சை பெற்றுப் போனார். அவரை அடக்கம் செய்த மையத்தாங்கொல்லையில் கூடியிருந்த கூட்டத்தில் பாதிப்பேர் நெஞ்சிலும் வயிற்றிலும் தையல் போட்டவர்கள். தங்கராசு மண் போட்டுவிட்டு ஓரமாக நின்று அழுதார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். தைரியம் என்று எழுத ஆசைதான். அது பொய். எனக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிறது, இரண்டாவது பெண்ணின் கல்யாணம் பாக்கி இருக்கிறது, மேலாளர் இருமினால்கூட நான் எழுந்து நின்றுவிடுகிறேன். பயம் போன பிறகுதான் நியாயம் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் நான் காத்திருந்தது வீண்.

நேற்று ஒரு தகப்பன் வந்தார். முந்தாநாள் காசு கட்டி மகனைச் சேர்த்தவர். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேலாளர் தன் அறை வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

“செல்லும். உட்காருங்க” என்றேன்.