காற்றோடு மோதிய காளைகள்

சேலத்து ஞானதாஸ் வாத்தியாருக்குக் காற்று என்றால் பைத்தியம். மற்றவர்கள் காற்று வாங்கப் போவார்கள். அவர் காற்றைப் பற்றிச் சொல்லப் போவார். கிராமப் பள்ளிகளுக்கு விஞ்ஞானம் காட்டும் திட்டம் ஒன்று தொடங்கியபோது, சொந்த சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆசிரியர் என்பதால் அவரைப் போட்டார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமையானால் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும் காற்றில் வந்துதான் முடிப்பார். தண்ணீர் நிரம்பிய டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்ப்பார். தண்ணீர் கொட்டாது.

"காத்துதான் கீழிருந்து தாங்குது" என்பார்.

"அட்டை ஒட்டிக்கிச்சுங்க" என்பார்கள், பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் ஒரே குரலில்.

1962-ல் மேலதிகாரி பாலசுந்தரம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "எடப்பாடிப் பக்கம் நீங்க நடத்தப்போற ஆசிரியர் வகுப்புக்கு நானே வர்றேன். ஒரே ஒரு ஆள், பார்த்ததைப் புரிஞ்சு தன் வாயால சொல்லட்டும். திட்டம் நடக்கும். இல்லேன்னா மூடிடுவேன். நீங்க பழையபடி கையெழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போயிடலாம்."

அந்த வகுப்பை நினைத்தாலே ஞானதாஸுக்கு மூச்சு முட்டும். வீட்டில் மனைவி மரியபுஷ்பம் கேட்டாள்: "காத்தால இவருக்கு வேலை போச்சுன்னு கோயில்ல எப்படிங்க சொல்றது?"

டம்ளர் இனி உதவாது. சங்ககிரி லாரிப் பட்டறையில் சொல்லி, பெரிய இரும்புக் குண்டான்கள் இரண்டு வார்ப்பித்தார். இரண்டையும் வாயோடு வாய் வைத்து, இடையில் லாரி டியூப் ரப்பரை வளையமாக வெட்டிப் போட்டுக் கிரீஸ் தடவினார். பம்பை மாட்ட ஒரு குண்டானில் திருகு வைத்த சிறு குழாய் இருந்தது. சைக்கிள் பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டால் அது காற்றை அடிக்காது, உறிஞ்சும். உள்ளே இருக்கும் காற்றை அப்படி எடுத்துவிட்டால், வெளிக்காற்று குண்டான்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் மாடு கட்டி இழுத்தாலும் பிரியாது. இதற்கு மேல் யார் அட்டை ஒட்டிக்கிச்சு என்று சொல்ல முடியும்?

மாடுகளுக்கு அந்த ஊர் விவசாயிகளான காளியண்ணனையும் சின்னுசாமியையும் கேட்டார். சின்னுசாமியின் அக்கா அங்காளம்மாளைத்தான் காளியண்ணன் கட்டியிருந்தார். யார் மாடு பெரிது என்று மாமனுக்கும் மச்சானுக்கும் ஓயாத சண்டை. ஞானதாஸ் இருவரிடமும் தனித்தனியே, "மாடு இழுக்கணும்" என்று மட்டும் சொன்னார். எதை எதிர்த்து என்று சொல்லவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது.

அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் தப்பட்டை முழங்கியது. கொம்புகளுக்கு எண்ணெய் பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து, காளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களே பாதிப் பேர் மாமன் பக்கம், பாதிப் பேர் மச்சான் பக்கம். ஞானதாஸ் வியர்க்க வியர்க்கப் பம்பை இழுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

மாடுகள் இழுத்தன. சங்கிலி முறுக்கேறி விண்ணென்று நின்றது. ஒரு காளை சாணி போட்டது. இன்னொன்று அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. குண்டான் அசையவில்லை.

"யாருங்க ஜெயிச்சது?" என்று கூட்டம் கேட்டது.

"காத்து ஜெயிச்சுது!" என்றார் ஞானதாஸ், கண் கலங்க.

"காத்து எந்தூருங்க?"

"இங்கேயேதான். நம்மளைச் சுத்தியும் இருக்கு."

"ரெண்டு பக்கமும் நின்னு இழுக்கற ஆட்டத்துல சுத்தியும் நின்னா எப்படிங்க? செல்லாது!"

குண்டான்களை உள்ளே வெல்டிங் பற்றவைத்திருக்கிறார் என்று ஒருவர் கத்தினார். ஞானதாஸ் பதறிப்போய்த் திருகைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பக்கத்தில் நின்ற அங்காளம்மாளிடம், "நீங்களே பிரிச்சுப் பாருங்கம்மா" என்றார். அவள் ஒரு கையில் கஞ்சிக் கலயத்தை வைத்துக்கொண்டே, மறு கையால் ஒரு குண்டானை அலுங்காமல் பிரித்து எடுத்து வைத்தாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "காளியண்ணா, நாளையிலிருந்து ஏர்ல அக்காளையே பூட்டிக்கங்க!"

பாலசுந்தரம் ஆசிரியர்களைக் கேட்டார்: "மாடு இழுத்துப் பிரியாதது, இந்த அம்மா தொட்டதும் எப்படிப் பிரிஞ்சுது?" ஒருவர், "கிரீஸ் நல்ல கிரீஸுங்க ஐயா" என்றார். பாலசுந்தரம் தன் ஜீப்பை நோக்கி நடந்தார். ஞானதாஸுக்குக் கையெழுத்து வகுப்பின் சுண்ணாம்புச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது காளியண்ணன் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். "வாத்தியாரே, என்ற மாட்டுக்கு இனிச் சந்தையில என்ன மதிப்புங்க? பொம்பளைக்குத் தோத்த மாடுன்னு ஆயிப்போச்சே! மாட்டு மேல குத்தமில்லைன்னா, எப்படின்னு சொல்லுங்க." சின்னுசாமியும் வந்து நின்றார். ஞானதாஸ் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன காற்றை முதன்முதலாக இரண்டு பேர் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

கேட்டு முடித்ததும் இருவரும் ஓடிப்போய் ஜீப்பை மறித்தார்கள்.

"ஏனுங்க, நில்லுங்க! உள்ளார இருந்த காத்தை வாத்தியார் உறிஞ்சிப்போட்டாருங்க. எதுத்துத் தள்ள உள்ள ஆளில்லை. வெளிக்காத்து அமுக்கிப் புடிச்சுக்கிச்சு" என்றார் காளியண்ணன்.

"ஆறேழு மூட்டைக் கனமுங்க!" என்றார் சின்னுசாமி. "திருகைத் தொறந்ததும் உள்ளாரயும் காத்து பூந்து சமமாப் போச்சு. அப்புறம் அக்கா என்னங்க, பூனைகூடப் பிரிக்கும்."

"ஊட்டுப் பக்கம் வா, பூனையைக் காட்டறேன்" என்றாள் அங்காளம்மாள்.

பாலசுந்தரம் ஜீப்பிலிருந்து இறங்கினார். "நான் கேட்டது ஒரு ஆள். ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. திட்டம் நடக்கட்டும், ஞானதாஸ்."

மாட்டுச் சந்தையில் காளியண்ணன் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, காற்றழுத்தத்தை விளக்கிய பிறகுதான் மாட்டின் பல்லையே பார்க்க விட்டார். காற்றோடு மோதிய மாடு என்று அதற்குத் தனி மரியாதை. மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எங்க மாட்டையும் தோக்கடிச்சுக் குடுங்க" என்று ஞானதாஸுக்கு ஆள்மேல் ஆள் வந்தது. ஓய்வு பெறும்வரை அவருக்கு இதே வேலைதான்.

ஒருமுறை சங்ககிரிக்குப் பக்கத்து ஊரில், இன்றைக்குச் சூரிய கிரகணம் பற்றிச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினார்.

"கிரகணம் வாரப்ப வரட்டுங்க சாமி" என்றார் முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியர். "மாடு வெயில்ல நிக்குது பாருங்க."

ஞானதாஸ் பம்பை எடுத்தார்.